நாலு மாடி இறங்கி வந்த கல்யாணம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'ஏறாதே'. வயதில் இளையவர்கள் மட்டும் மரியாதைக்காக 'ஏறாதே அண்ணே' என்பார்கள். அவருடைய தோள்பையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு தகரப் பலகை கட்டாயம் இருக்கும். ஒரு முழ நீளம், மஞ்சள் பெயிண்ட், அதன்மேல் கறுப்பில் அவரே எழுதிய இரண்டு சொற்கள்: 'பழுது. ஏறாதீர்கள்.' கையெழுத்து ஒன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்காது. 'ழு' மட்டும் அளவுக்கு மீறிப் பெருத்து, பக்கத்து எழுத்தின்மேல் சாய்ந்து நிற்கும். கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நல்ல பலகைகளை அவர் தொட்டதே இல்லை. அச்செழுத்தை யாரும் படிப்பதில்லை, கோணல் எழுத்தாக இருந்தால்தான் என்னடா இது என்று நின்று பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி.

மற்ற மெக்கானிக்குகள் 'சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிற இடத்தில் இவர் மெயினை அணைத்துப் பலகையை மாட்டிவிடுவார். குடியிருப்பவர்கள் கத்துவார்கள், மேனேஜர்கள் கம்பெனிக்குப் போன் போட்டு முறையிடுவார்கள், இவர் காதில் வாங்க மாட்டார். உடனே பெரிய கொள்கைக் குன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். இருபத்தைந்து வயதில் ஒரு துணிக்கடை முதலாளி கெஞ்சினார் என்று, சந்தேகமான பிரேக்கோடு ஒரு லிஃப்டை ஒரே ஒரு சாயங்காலம் ஓட விட்டார். ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் ஏறியது, இறங்கியது, முதலாளி கைகுலுக்கி ஒரு சட்டைத் துணிகூடக் கொடுத்தார். ஆனால் கடை மூடுகிற வரைக்கும் மொட்டைமாடி மோட்டார் அறையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவர், கம்பிவடம் ஒவ்வொரு தடவை அசையும்போதும் எழுந்து நின்று பிரேக்கைப் பார்த்தார். இந்தத் தைரியம் நமக்கு ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அந்தத் துணியை அவர் இன்றுவரை தைத்துப் போடவில்லை.

கல்யாண விஷயத்திலும் தம்பி அதே பலகையைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று அவருடைய அக்கா இருபது வருடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஏதாவது ஒரு சந்தேகம் சொல்வார். பெண்ணின்மேல் இல்லை, தன்மேல்தான். எவனாவது லிஃப்டில் மாட்டிக்கொண்டான் என்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடுகிற பிழைப்பு, இதை நம்பி ஒருத்தி வரலாமா என்பார். "நீ லிஃப்டையே கட்டிக்கோடா, அதுதான் நீ நிக்கச் சொன்னா நிக்கும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அக்கா அந்தப் பேச்சையே விட்டாள். அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாம் வயதில் மாப்பிள்ளை ஆகப்போகிறார் என்று கேட்டதும், அவளுக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

மணப்பெண்ணுக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி வீடு சேர்க்கிற வேலை. எல்லாருக்கும் 'வேன்காரம்மா'. காலையில் இருபத்தாறு தலை, மாலையில் இருபத்தாறு தலை என்று எண்ணி எண்ணிப் பழகியதில், கடைவீதியில் நாலு பேர் சேர்ந்து நின்றாலும் அந்த அம்மாவின் உதடு தானாக அசையும். எந்தக் குழந்தை தண்ணீர் பாட்டிலை மறந்தது, எது ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும், எது இறங்கும் இடம் வருவதற்கு முன் தூங்கிவிடும் என்பதெல்லாம் அத்துப்படி.

இரண்டு பேருக்கும் அறிமுகம் ஏற்பட்ட விதம் சிரித்துச் சொல்லும்படியானது அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால், வேன்காரம்மா குடியிருந்த ஆறு மாடிக் கட்டடத்தில், லிஃப்டின் கம்பிவடம் இழை இழையாகப் பிரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு மெக்கானிக் பலகையை மாட்டினார். புது வடம் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை ஆறாவது மாடியில் வேன்காரம்மாவின் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆள் நல்ல கனம். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் நாலு காலைப் பிடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் மூச்சு வாங்கிக் கீழே கொண்டுவந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் மெக்கானிக். மோட்டார் அறையில் வேலையாக இருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தாலும் முடிவு இதுதான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வேன்காரம்மா அதை நம்பினார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் நம்பவில்லை.

அந்தக் காலையை நினைத்தால் வேன்காரம்மாவுக்கு, யாரென்றே தெரியாத ஒரு மனிதர் தோள் இறங்கிப்போகும் அளவுக்குத் தன் புருஷனைத் தாங்கிக்கொண்டு வந்தது கண்முன் வரும். மகளுக்கு வருவது, லிஃப்ட் கதவில் தொங்கிய மஞ்சள் பலகையும் அதில் இருந்த கோணல் 'ழு'வும்.

அதற்குப் பிறகும் அந்தக் கட்டடத்துக்கு மெக்கானிக் மாதம் ஒருமுறை வந்தார். அவர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கீழே வரும் நேரமும், வேன்காரம்மா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் ஒன்று. "ஏறலாமா?" என்று அந்த அம்மா கேட்பார். "ஏறலாம்" என்பார் இவர். மூன்று வருடம் அவர்கள் பேசிய பேச்சில் பாதி இதுதான். மீதிப் பாதி, பெட்டிக்கடை டீயைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் இருந்தது. ஒருநாள் ஏறலாம் என்று சொன்ன பிறகும் ஏறாமல் நின்று, "மாசத்துக்கு ஒரு தடவை எதுக்கு அலையறீங்க, இங்கயே இருந்துடுங்களேன்" என்றார் வேன்காரம்மா. மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. அதை எடுக்க இறங்கியவர் பதிலைக் குழிக்குள் இருந்தபடியேதான் சொன்னார்.

மகளிடம் விஷயத்தைச் சொல்ல வேன்காரம்மாவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மகளுக்குப் போன வருடம்தான் கல்யாணமாகியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போலப் பேசாமல் இருக்கிற புருஷனோடு ஊரின் மறுகோடியில் குடித்தனம். இப்போது வயிற்றில் ஏழு மாதம். அம்மா சொன்னதைக் கேட்டு அவள் குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்தப் பலகைக்காரரா என்று மட்டும் கேட்டாளாம். அதற்குப் பிறகு ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

மகள் பிள்ளை பெறப்போகிற நேரத்தில் அம்மா தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்காக வேன்காரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கும் வரப்போகும் குழந்தைக்கும் சேர்த்து, ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே விருந்து. பதிவு அலுவலர் அங்கேயே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"என் பொண்ணு முதல் சாட்சியா கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் நான் போடுவேன். அவ போடலைன்னா சாப்பிட்டுட்டு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க வருத்தப்படக் கூடாது."

வருத்தப்பட மாட்டேன் என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டார். பச்சைப் பொய். மகளிடமிருந்து வந்த பதில், வருகிறேன், கையெழுத்தைப் பற்றி அங்கே வந்து சொல்கிறேன் என்பதுதான். அதை மூன்று வாரமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்ததில் மெக்கானிக்கின் புதுச் சட்டை கழுத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்துபோயிருந்தது.

விருந்துக் கூடம் ஒரு பல் டாக்டருக்கும் தட்டச்சு வகுப்புக்கும் மேலே, நாலாவது மாடியில் இருந்தது. மெக்கானிக் காலை எட்டு மணிக்கே வந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிவைத்து, நாற்காலிகளைப் போட்டார். அக்கா சுவரில் ஒரு பேனர் கட்டினாள். எழுதக் கொடுத்ததும் அவள்தான். 'மணமக்களுக்கும் வரப்போகும் குழந்தைக்கும் வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வந்தவர்கள் எல்லாரும் பேனரைப் படித்தார்கள், மணப்பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு மெக்கானிக்கின் கையைப் பிடித்து வழக்கத்தைவிட நீளமாகக் குலுக்கினார்கள். வேன் டிரைவர் ஒருவர், "எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்ல" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரம் கழித்துத்தான் வேன்காரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. முகம் சிவந்து, அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ஒரு பேனாவை எடுத்து, 'வரப்போகும்' என்பதற்கு முன்னால் 'மகளுக்கு' என்று பொடியாக எழுதினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, அவ்வளவு பொடியாக எழுதினால் யார் படிப்பது.

பத்தே காலுக்குப் பதிவு அலுவலர் வந்தார். தடித்த பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்துவர மெக்கானிக் கீழே போனார். அதே நேரம் கம்பெனிக் கூட்டாளிகள் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாக லிஃப்டில் ஏறினார்கள். நாலாவது மாடியில் நின்றதும், கதவு திறப்பதற்குள், ஏழு பேர் பாரத்துக்கு லிஃப்ட் இரண்டு விரல் கனம் கீழே நழுவியது.

பதிவு அலுவலருக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற ஆறு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஆறு பேருக்கும் உள்ளங்காலில் தெரிந்தது. ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். கல்யாண வீட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு கணக்கு இருக்கிறதே. ஒருவன் மட்டும் மெக்கானிக்கின் முழங்கையைத் தொட்டு, "அண்ணே, இன்னைக்கு வேண்டாம்ணே" என்றான்.

மெக்கானிக் மொட்டைமாடிக்கு ஏறினார். மோட்டார் அறையில், கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக் உருளையெல்லாம் வழவழவென்று படர்ந்திருந்தது. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்கும், பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது. கூடத்தின் மேனேஜர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து, அது இரண்டு வருடமாக இப்படித்தான் நிற்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வேறு கம்பெனி இருக்கிறது, அவர்கள் திங்கட்கிழமை வருவார்கள், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆண்டியாக ஏன் ஆகிறீர்கள், அதுவும் சொந்தக் கல்யாணத்தில் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அறை வாசற்படியில் மெக்கானிக் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு மகள் வருவாள். ஒரு தடவை ஏறுவாள், ஒரு தடவை இறங்குவாள். இரண்டே தடவை. அந்த இரண்டு தடவைக்கும் தானே கூட நின்றுகொள்ளலாம், வேறு யாரையும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். பலகையை மாட்டினால் அவள் கண்ணில் முதலில் படப்போவது அதுதான். பட்டால் அவள் திரும்பிப் போவாள், அவள் போனால் வேன்காரம்மா பேனாவைத் தொட மாட்டார். ஐம்பத்திரண்டு வருடம் தனியாக இருந்துவிட்டு, கடைசியில் ஒரு இடத்தில் 'ஏறலாம்' என்று தனக்கே சொல்லிக்கொண்ட மனிதர் அவர். இரண்டே தடவைதானே என்று மறுபடி நினைத்தபோது, 'ஒரே ஒரு சாயங்காலம்தானே' என்ற துணிக்கடை முதலாளியின் குரல் அப்படியே கேட்டது. எழுந்து மெயினை அணைத்தார்.

நாலு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொல்லிக் கூட்டாளிகளை அனுப்பினார். பையிலிருந்த பலகையைத் தானே கொண்டுபோய்க் கீழ்த்தளக் கதவில் மாட்டிவிட்டு, படியேறிக் கூடத்துக்கு வந்தார். புதுச் சட்டையின் கைப்பட்டியில் எண்ணெய்க் கறை. வேன்காரம்மா அதைப் பார்த்தார்.

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

"அவ அதைப் பாத்தா திரும்பிப் போயிடுவா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ரெண்டு உசுரா வராங்க அவங்க" என்றார் மெக்கானிக்.

வேன்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அழுவது கோபத்திலா வேறு எதிலா என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. மெக்கானிக் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்க ஏற வேண்டாம். நாம எறங்கிடலாம்" என்றார்.

வேன்காரம்மா நிமிர்ந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உதடு அசைந்தது. முப்பத்தெட்டு பேர், பதினொரு பாத்திரம், இருபது மடக்கு நாற்காலி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இதைவிட மோசமான கும்பலை எல்லாம் மழை நாளில் வேனிலிருந்து இறக்கியிருக்கிறார்.

மெக்கானிக் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே ஓடினார். கீழ்த்தளத்தில் காவலாளியின் மேசை, வரிசையாகத் தபால் பெட்டிகள், ஏழெட்டு இருசக்கர வண்டிகள். நாற்காலியை எங்கே போடலாம் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். புருஷன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள், லிஃப்டைப் பார்த்ததும் நின்றாள். பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"என்னையும் நாற்காலியில வெச்சுத் தூக்கப்போறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. நீங்க உக்காருங்க. கல்யாணம் எறங்கி வருது."

அவள் உட்காரவில்லை. புருஷன் அவளையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தான். வண்டி போய்விடப் போகிறது என்று ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லிக் கை காட்டினான். பேசாதவன் என்றாலும் விவரமானவன்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க" என்றாள் மகள். "அன்னைக்கு எங்கப்பாவை அந்த லிஃப்ட்ல ஏத்தியிருந்தா, நல்லபடியா கீழ வந்து சேந்திருப்பாரா?"

நாலு வருடமாக அந்தக் கேள்விக்கு மெக்கானிக் காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சுலபமான பதில் ஒன்று இருந்தது. வடம் அறுந்திருக்கும் என்று சொன்னால் தீர்ந்தது. அந்தப் பழைய வடத்தை இனி யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? மேலே மணப்பெண் காத்திருக்கிறார், இந்த ஒரு பொய்யில் எல்லாம் சரியாகிவிடும்.

"வந்து சேந்திருப்பாரும்மா" என்றார். "பத்துக்கு ஒம்பது தடவை ஒழுங்காத்தான் எறங்கியிருக்கும்."

"பத்தாவது தடவை?"

"அப்பாகூட நீங்களும் அம்மாவும் உள்ள இருந்திருப்பீங்க."

மகள் தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள். அவளே அறியாமல் வைத்ததுதான். தலையை மட்டும் லிஃப்ட் பக்கம் அசைத்து, இது எப்படி என்று கேட்டாள். இதிலும் அநேகமாக ஒன்றும் ஆகாது என்று மெக்கானிக் ஒளிக்காமல் சொன்னார்.

"அநேகமா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சே உங்க கல்யாணத்துல மாட்டியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"இதைப் பாத்தா நான் திரும்பிப் போயிடுவேன்னு அம்மா சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க."

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. முதலில் பாத்திரங்கள் உரசும் சத்தம், பிறகு அதற்கு மேலாக வேன்காரம்மாவின் குரல். "கைப்பிடியை விடாதீங்க. முன்னாடி போறவரை இடிக்காதீங்க. பன்னெண்டு, பதிமூணு, யாரு அது நடுவுல நிக்கறது, பதினாலு." கம்பெனிக் கூட்டாளிகள் இரண்டு இரண்டு பேராகப் பாத்திரங்களைத் தூக்கி வந்தார்கள். மோட்டார் தூக்கிப் பழகிய கைகள், குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பதிவு அலுவலர் பதிவேட்டை அணைத்துக்கொண்டு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு மாடிப்படியை இறங்கியதில்லை என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள், டம்ளர்கள், அக்காவின் தோளில் சுருட்டிய பேனர். கடைசித் தலையாக வேன்காரம்மா வந்தார். புதுச் சேலையின் கொசுவத்தை ஒரு கையில் பிடித்திருந்தார்.

முப்பத்தெட்டு பேர் தனக்காக நாலு மாடி இறங்கி வருவதைப் பார்த்தபடி, மகள் மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகன் போய் ஆட்டோவுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு கீழ்த்தளம் அமளிதுமளிப்பட்டது. இருசக்கர வண்டிகளை வெளியே தள்ளினார்கள். பல் டாக்டரிடம் வந்திருந்த ஒரு நோயாளி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நாற்காலி போட்டார். அக்கா பேனரை லிஃப்ட் கதவின்மேல் கட்டப் போனாள். பலகையை மறைக்கக் கூடாது, வெளியாள் யாராவது தெரியாமல் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று மெக்கானிக் தடுத்தார். கல்யாணப் போட்டோவில் 'பழுது' என்று விழுந்தால் ஊர் சிரிக்குமே என்றாள் அக்கா. ஐம்பத்திரண்டு வயது மாப்பிள்ளைக்கு அது பொருத்தம்தான் என்று கூட்டாளிகளில் ஒருவன் சொல்ல, மணப்பெண்ணே சிரித்துவிட்டார். கடைசியில் பேனர் பலகைக்கு மேலே ஏறியது. அந்தப் போட்டோ இன்றும் இருக்கிறது. மணமக்களின் தலைக்கு நடுவே 'ஏறாதீர்கள்' என்பது தெளிவாகத் தெரியும்.

பதிவேட்டைக் காவலாளியின் மேசைமேல் விரித்து, பதிவு அலுவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் சாட்சி யார் என்று கேட்டார். வேன்காரம்மா மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று தபால் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் தன் கைப்பட்டிக் கறையை விரலால் தேய்த்தார்.

மகள் கையை ஊன்றி எழுந்தாள். மேசையருகே போனாள். வயிறு இடித்ததால் பதிவேடு எட்டவில்லை. மருமகன் அதைத் தூக்கி அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தான். "எங்க போடணும்?" என்று கேட்டாள். பதிவு அலுவலர் விரல் வைத்துக் காட்டினார். அவள் நின்றபடியே நிதானமாகத் தன் பெயரை முழுதாக எழுதினாள், கீழே கோடும் போட்டாள். பேனாவை அம்மாவிடம் நீட்டி, "ம், போடும்மா" என்றாள். வேன்காரம்மா அவளைக் கட்டிக்கொள்ளப் போய், வயிறு நடுவில் இருப்பதைப் பார்த்து, பக்கவாட்டில் கட்டிக்கொண்டார். கையெழுத்து கொஞ்சம் நனைந்துதான் விழுந்தது. மெக்கானிக் தன் கையெழுத்தைப் போட்டபோது அவருடைய பேனா இரண்டு தடவை நின்றது.

சாப்பாடு தபால் பெட்டிகளுக்குக் கீழே நடந்தது. மாடிக்குப் போக வந்தவர்கள், தட்டச்சு வகுப்பு முடிந்து வந்தவர்கள் என்று வழியில் போனவர்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் மகளிடம் வந்து எத்தனையாவது மாதம், யார் ஜாடையில் வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அப்பா ஜாடையில் என்றாள் அவள். புருஷனைச் சொல்கிறாளா, தன் அப்பாவைச் சொல்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. வேன்காரம்மாவுக்குத் தெரிந்தது. அந்த அம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது மகள் மெக்கானிக் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். அவர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அப்போதுதான் முதல் கவளத்தை எடுத்திருந்தார். எழப் போனவரை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு லிஃப்ட் மூணாவது மாடிகிட்ட ஒரு சத்தம் போடுது" என்றாள்.

மெக்கானிக் தட்டைக் கீழே வைத்தார். "ஏறும்போதா, எறங்கும்போதா?"

"எறங்கும்போது. சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க. குழந்தை வர்றதுக்குள்ள ஒரு தடவை வந்து பாத்துடுங்க."

"நாளைக்கே வரேம்மா."

"வரும்போது அந்தப் பலகையை மறக்காம எடுத்துட்டு வாங்க" என்றாள் மகள். "மாட்டணும்னா மாட்டிடுங்க. நாங்க படியில போய்க்கறோம்."

எந்தக் கம்பெனி லிஃப்ட், எத்தனை வருடப் பழசு என்று கேட்க மெக்கானிக் வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவள் குனிய முடியாமல் குனிந்து, தரையில் இருந்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, முதலில் சாப்பிடச் சொன்னாள்.